லூப் பாக்ஸ் ஏன் விசில் மட்டும் அடிச்சது? பாலாறு நாடகத்துக்காக வேலூர்ல செஞ்ச ஒரு பொட்டியோட முழுக் கதை

எங்க வீடு மைக் செட் வீடு, வேலூர் கொசப்பேட்டைல. அம்மன் கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம்னு அப்பா முப்பது வருஷமா குழாய் கட்டிக்கினு இருக்காரு. ஸ்பீக்கர் ஊய்ங்னு கூவுறத எங்க வீட்ல "கத்தல்"னு சொல்லுவோம், சின்ன வயசுல நான் வாங்குன திட்டுல பாதி அந்தக் கத்தலுக்குத்தான். மைக்க ஸ்பீக்கர் முன்னாடி கொண்டு போகாத, டிரெபிள கொற, மைக்க கையால பொத்தாத. இதான் எங்க வீட்டு ஆத்திசூடி. அந்த வீட்லேர்ந்து வந்த நான் கத்தல வேணும்னே உண்டாக்குறதுக்கு ஒரு பொட்டி செஞ்சேன், அது ரெண்டு மாசம் ஒழுங்கா வேலை செய்யல, ஏன் செய்யலன்னு கண்டுபுடிச்சு சரி பண்ண கதைய முழுசா எழுதி வெக்கிறேன். இந்த ஊர்ல இதே வேலைய பண்ணப் போற இன்னொருத்தருக்காச்சும் அந்த ரெண்டு மாசம் மிச்சமாகட்டும்.

ராணிப்பேட்டைல ஒரு அக்கா நாடகம் போடுறாங்க. பாலாறு பத்தி ஒரு நாடகம், நாற்பது நிமிஷம், வசனம் கொஞ்சந்தான். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடுன்னு நம்ம ஊரையெல்லாம் தொட்டுக்கினு போற ஆறு, வருஷத்துல முக்கால்வாசி நாள் மணல்தான் கிடக்கும், 2021 நவம்பர்ல வெள்ளம் வந்தப்ப ஜனம் பாலத்து மேல நின்னு தண்ணிய வேடிக்கை பாத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அக்கா கேட்டது இதுதான்: "தம்பி, பாட்டு வேணாம், பேக்ரவுண்ட் மியூசிக் வேணாம், வெயில்ல காஞ்ச மணல் சத்தம் போட்டா எப்பிடி இருக்கும், அது வேணும். யாரும் வாசிக்கிற மாதிரி தெரியக் கூடாது, தானா வர்ற மாதிரி இருக்கணும்."

தானா வர்ற சத்தம்னு சொன்ன உடனே எனக்கு லூப் பாக்ஸ்தான் தோணுச்சு. கிட்டார் பெடல்னா கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவுல மாட்டி சத்தத்த மாத்துற சின்ன பொட்டி, அதோட அவுட்புட்ட திருப்பி அதோட இன்புட்லயே விட்டா, பெடல் தன் சத்தத்தையே தின்னு தின்னு பெருசாக்கி தானா பாட ஆரம்பிக்கும். மைக்கும் ஸ்பீக்கரும் பண்ற அதே வேலைதான், என்ன, நடுவுல காத்து இல்ல, எல்லாம் வயருக்குள்ளயே நடக்குது. மைக் கத்தலுக்கு லார்சன் எஃபெக்ட்னு ஒரு பேர் உண்டு, டென்மார்க்கு இயற்பியலாளர் சோரன் லார்சன் பேர்ல. வெளியிலேர்ந்து எந்த சத்தமும் குடுக்காம சர்க்யூட்டோட சுத்த மட்டுமே இசையா பண்ணவங்கள்ல முக்கியமானவரு அமெரிக்காக்காரர் டேவிட் டியூடர், 1970கள்ல அதுலயே மூழ்கிக் கெடந்தாரு. அவரு 1969ல அகமதாபாத் நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைனுக்கு வந்து மூக் சிந்தசைசர்ங்கிற மின்னணு இசைக் கருவிய நிறுவிக் குடுத்துட்டுப் போனவரு, அதனால இந்த வழி நம்ம நாட்டுக்கு ஒண்ணும் புதுசு இல்ல. ஜப்பான்ல தோஷிமாரு நாகமுரா 1990களோட கடைசில கிட்டார வெச்சுட்டு மிக்ஸரோட அவுட்புட்ட அதோட இன்புட்லயே சொருகி அதையே தன் வாத்தியமாக்கிட்டாரு. மைக் செட் வீட்ல பொறந்தவனுக்கு இதக் கேட்டா எப்பிடி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. எங்க வீட்ல அந்த மிக்ஸர் நாலு கெடக்குது.

முதல் பொட்டி

செவுத்துக்குள்ள புதைக்கிற வயரிங் இரும்பு பாக்ஸ் ஒண்ணு, அதுல கிட்டார் வயர் சொருகுற பி38 சாக்கெட் நாலு. ஒண்ணு கிட்டார் உள்ள வர்றதுக்கு, ஒண்ணு பெடலுக்குப் போறதுக்கு, ஒண்ணு பெடல்லேர்ந்து திரும்பி வர்றதுக்கு, கடைசி ஆம்ப்ளிஃபயருக்கு. கிட்டார் வயரும் பெடலுக்குப் போற வயரும் ஒண்ணா சேரும், திரும்பி வர்றதும் ஆம்ப்ளிஃபயருக்குப் போறதும் ஒண்ணா சேரும். இந்த ரெண்டு முடிச்சுக்கும் நடுவுல ஒரு 100கே (ஒரு லட்சம் ஓம்) கன்ட்ரோல், அதாவது வால்யூம் மாதிரி திருப்புற திருகாணி, அதோட தொடர்ச்சியா ஒரு காலிங் பெல் சுவிட்ச். பெல்ல அமுக்கினா லூப் மூடும், விட்டா கிட்டார் சத்தம் சாதாரணமா போகும். நெட்ல எங்க பாத்தாலும் இந்த வயரிங்தான் போட்டிருக்கும், கரண்ட் கூட தேவையில்ல, ஒரு சாயங்காலத்துல சால்டர் வெச்சு முடிச்சிட்டேன்.

சத்தத்த பெருக்கி நொறுக்குற டிஸ்டார்ஷன் பெடல மாட்டி பெல்ல அமுக்குனேன். விசில். காதக் கிழிக்கிற ஒரே விசில். கன்ட்ரோல திருப்புனா பெருசா ஒண்ணும் மாறல, கடைசி ஓரத்துல திடீர்னு நின்னுடும், கொஞ்சம் நகத்துனா திரும்ப அதே விசில். எக்கோ மாதிரி தள்ளிப் போடுற டிலே, அலைய சொழட்டுற ஃபேசர்னு மாத்தி மாத்தி சேத்துப் பாத்தேன், விசில் மேல அலங்காரம் ஏறுச்சு, அவ்ளோதான். அக்கா வந்து கேட்டுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் "இது மணல் இல்ல தம்பி, பிரஷர் குக்கர்"னாங்க. எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல.

இதுல ஒரு ஆபத்தும் இருக்குது, முதல்லயே சொல்லிடறேன். அந்த விசில் போன் ஆப்ல பாத்தா 3100 ஹெர்ட்ஸ் பக்கம் நிக்குது. நம்ம காது ரொம்ப கூர்மையா கேக்குற எடமே அதுதான், ஸ்பீக்கர் பாக்ஸ்ல டுவீட்டருக்கு, அதாவது மேல் சுருதிக்குன்னு இருக்குற சின்ன ஸ்பீக்கருக்குப் போற எடமும் பெரும்பாலும் அதுதான். பாட்டுல டுவீட்டருக்கு வர்ற பவர் கொஞ்சம் கொஞ்சமா, விட்டு விட்டு வரும். டிஸ்டார்ஷன்லேர்ந்து வர்ற விசில் சதுர அலை மாதிரி தட்டையா வெட்டுப்பட்டு நிக்காம வரும், அதே உச்சம் உள்ள வழக்கமான அலைய விட ரெட்டிப்பு பவர். அப்பாவோட ஒரு டுவீட்டர் நாலாவது நாளே எரிஞ்சு போச்சு. காதுக்கு கணக்கு தெரிஞ்சுக்கணும்னா, 85 டெசிபல்ல எட்டு மணி நேரம்னு வெச்சா ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100ல கால் மணி நேரந்தான். ஹெட்போன் போட்டுக்கினு லூப் பாக்ஸ் வாசிக்காதீங்க. ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாடி சத்தம் ஒரு அளவத் தாண்டாம புடிச்சு நிறுத்துற லிமிட்டர் இல்லாம நான் இப்ப எதையும் ஆன் பண்றதே இல்ல.

விசில் எங்கேர்ந்து வருது

இங்கதான் ரெண்டு மாசம் போச்சு. பெடல்தான் மட்டமோன்னு ஒரு நண்பன்கிட்ட வேற டிஸ்டார்ஷன் வாங்கிட்டு வந்தேன், அதே விசில். வயர மாத்துனேன், சாக்கெட்ட மாத்துனேன். தப்பான எடத்துல தேடிக்கினு இருந்தேன்.

முதல் துப்பு தற்செயலா கெடச்சது. ஒரு நாள் கிட்டாரக் கழட்டிட்டு, வெறும் பொட்டியும் பெடலும் மட்டும் வெச்சு அமுக்குனேன். இப்ப கன்ட்ரோல் சுத்தமா செத்துப் போச்சு. இந்த முனைலேர்ந்து அந்த முனை வரைக்கும் திருப்புனாலும் சத்தம் கொறையவே இல்ல, சுருதி மட்டும் லேசா நகருது. பேட்டரிப் பெட்டி, ரேடியோன்னு எல்லாம் ரிப்பேர் பண்ற பாய் ஒருத்தர் லாங் பஜார் பக்கம் இருக்காரு, அவர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். அவரு பெடல் எதையும் பாக்கல, பொட்டிய மட்டும் தெறந்து ரெண்டு நிமிஷம் பாத்தாரு. "தம்பி, இந்த கன்ட்ரோல்ல மூணு காலு இருக்குது, நீ ரெண்டத்தான் கட்டியிருக்க. எர்த்துக்கு ஒண்ணும் போகலியே, அப்பறம் எப்பிடி கொறையும்?"

அவரு சொன்னதுல எல்லாம் இருக்குது. பெடலோட இன்புட் 1 மெகா ஓம் மாதிரி இருக்கும். அதுக்கு முன்னாடி 100கே ரெசிஸ்டன்ஸ வரிசைல போட்டா, பதினொரு பங்குல பத்து பங்கு அப்படியே உள்ள போயிடும், கொறையறது ஒரு டெசிபல் கூட இல்ல. டிஸ்டார்ஷன் பெடல் சிக்னல நூறு மடங்கு பெருக்கிக்கினு இருக்கறப்ப இந்த ஒரு டெசிபல் அதுக்குத் தெரியவே தெரியாது. சுருதி ஏன் நகந்துச்சு? ஷீல்டு வயருக்குள்ள 300 பிக்கோ ஃபாரட் மாதிரி கெப்பாசிட்டன்ஸ் இருக்கும், அதும் அந்த 100கேவும் சேந்து 5000 ஹெர்ட்ஸுக்கு மேல கொறைக்கிற ஒரு ஃபில்டர் ஆயிடுது. நான் வால்யூம்னு நெனச்சு திருப்பிக்கினு இருந்தது ஒரு டோன் கன்ட்ரோல்.

அப்ப கிட்டார் மாட்டுனா மட்டும் கன்ட்ரோல் ஏன் கொஞ்சம் வேலை செஞ்சுது? இதுக்கு பாய்கிட்டயும் பதில் இல்ல, வீட்டுக்கு வந்து கிட்டாரோட டோன் திருகாணிய சும்மா திருப்பினப்ப கெடச்சுது. டோன முழுசா கொறச்சா 3100ல நின்ன விசில் வழுக்கிக்கினே எறங்கி 600க்கு வந்து நிக்குது! நடுராத்திரி, வீட்ல எல்லாரும் தூங்குறாங்க, எனக்கு கத்தணும் போல இருந்துச்சு. விசிலோட சுருதிய முடிவு பண்றது பெடல் இல்ல, கிட்டாரோட பிக்கப்.

பிக்கப்னா காந்தத்து மேல சுத்துன ஆயிரக்கணக்கான சுத்து கம்பி, ரெண்டு மூணு ஹென்றி இண்டக்டன்ஸ் வரும். அதும் வயரோட கெப்பாசிட்டன்சும் சேந்தா 2000லேர்ந்து 5000 ஹெர்ட்ஸுக்குள்ள ஒரு எடத்துல ரெசொனன்ஸ் ஆவும், அதாவது அந்த ஒரு சுருதிக்கு மட்டும் தனியா எழும்பும். பொட்டியில பெடல்லேர்ந்து திரும்பி வர்ற சிக்னல் வந்து சேர்ற முடிச்சுலயே பிக்கப்பும் தொங்கிக்கினு இருக்குது. கீழ் சுருதிக்கெல்லாம் பிக்கப் லேசான எதிர்ப்பு, சிக்னல அது எர்த்துக்கு இழுத்துட்டுப் போயிடுது. ரெசொனன்ஸ் எடத்துல மட்டும் எதிர்ப்பு மலை மாதிரி ஏறுது, அங்க சிக்னல் தப்பிச்சு பெடலுக்குள்ள போயிடுது. சுத்துறதுக்கு அந்த ஒரு வாசல்தான் தெறந்திருக்குது, அதனால அந்த ஒரு விசில். டோனக் கொறச்சா 22 நானோ ஃபாரட் கண்டன்சர் ஒண்ணு குறுக்க வருது, ரெசொனன்ஸ் 600 பக்கம் எறங்குது, கணக்கு போட்டுப் பாத்தா சரியா வருது. ஒரு சுத்து தானா சத்தம் போட ரெண்டு விஷயம் வேணும், சுத்தி வந்தப்பறம் பெருக்கம் ஒண்ணுக்கு மேல இருக்கணும், அலை கெளம்புன அதே கட்டத்துல (ஃபேஸ்), மேடு மேட்டோட பள்ளம் பள்ளத்தோட சேர்ற மாதிரி திரும்பி வந்து சேரணும். பார்க்ஹவுசன் விதின்னு இத சொல்லுவாங்க. எந்த சுருதில இந்த ரெண்டும் மொதல்ல கூடுதோ அது மத்த எல்லாத்தையும் முழுங்கிடும்.

அதனால "எவ்ளோ பெருக்கறது"ங்கிற கேள்வியே தப்பு. சுத்துக்குள்ள எத எவ்ளோ கழிக்கிறது, அதான் கேள்வி. இது புரிஞ்ச நாள்லேர்ந்து என் வேலையே மாறிடுச்சு.

ரெண்டாவது பொட்டி

பாயும் நானும் ஒக்காந்து மாத்துனோம். 100கேவ எடுத்துட்டு 10கே கன்ட்ரோல், மூணு காலும் கட்டி, ஒரு முனை எர்த்துக்கு. நடுக்கால்லேர்ந்து ஒரு 10கே ரெசிஸ்டர் வழியா பெடலுக்குப் போற முடிச்சுக்கு. கிட்டாருக்கு ஒரு டிஎல்072 ஐசில பாதிய பஃபரா, அதாவது பிக்கப்ப லூப்லேர்ந்து பிரிச்சு வெக்கிற தடுப்பா போட்டு, அதுக்கப்பறம் இன்னொரு 10கே. ஆக ரெண்டு 10கே ஒரே முடிச்சுல சேருது, ரெண்டு பக்கமும் சமம், கிட்டாரால லூப்ப முழுங்க முடியாது. பஃபர் பக்கம் சும்மா இருந்தாலும் லூப்புல பாதிக்குப் பாதி கழியும், மிச்சத்த கன்ட்ரோல் கழிக்கும், இப்ப அது பூஜ்யம் வரைக்கும் போகுது. திரும்பி வர்ற வழில ஒரு 1 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர், டிசி வந்தா தடுக்கறதுக்கு. இங்க 100 நானோ போட்டுத் தொலச்சா 10கேவோட சேந்து 160 ஹெர்ட்ஸுக்குக் கீழ எல்லாம் போயிடும், மணலோட அடி முழக்கமே வராது.

ஐசியோட இன்னொரு பாதி எதுக்குன்னா, தலைகீழாக்க. இத பாய்தான் கேட்டாரு, "சில பெடல் சிக்னல கவுத்து அனுப்புமே தம்பி, அப்ப இன்னா பண்ணுவ?" நூத்துக்கு நூறு சரி. கவுத்து அனுப்புற பெடல் ஒண்ணு சுத்துக்குள்ள இருந்தா நடு சுருதியெல்லாம் தன்னையே அடிச்சுக்கும், கோளாறு ரெண்டு ஓரத்துக்குப் போயிடும், மேல காதுக்குக் கேக்காத கீச்சு, இல்லன்னா கீழ மோட்டார் போட்டு மாதிரி டப் டப் டப். ரெண்டு கவுக்குற பெடல் இருந்தா நேராயிடும். எந்தப் பெடல் கவுக்கும்னு வெளிய எழுதி ஒட்டியிருக்காது, அதனால ஒரு சுவிட்ச் வெச்சு நேரா, தலைகீழான்னு மாத்திப் பாக்குற மாதிரி பண்ணிட்டோம். என்னக் கேட்டா இந்தப் பொட்டியிலயே பெரிய வரம் இந்த சுவிட்ச்தான். ஒரே பெடல் வரிசை, ஒரே செட்டிங், சுவிட்ச தட்டுனா வேற ஒரு ஜீவன் வந்து ஒக்காருது.

முதல் தடவை ஆன் பண்ணப்ப ஊஊன்னு ஒரு அடித் தொனி, கன்ட்ரோல கொறச்சா மெலிஞ்சு, நூலா போயி, மூச்சு மாதிரி ஆயி, மறையுது. திரும்ப ஏத்துனா அதே எடத்துலேர்ந்து பொறக்குது. ரெண்டு மாசத்துக்கப்பறம் அத கேட்டப்ப பாய் கடையில வேலை பாத்துக்கினு இருந்த பையன் கூட எட்டிப் பாத்தான்.

அப்புறம் சுத்துக்குள்ள என்ன வெக்கிறதுன்னு தேடல். ஏழு பட்டை ஈக்யூ பெடல் கட்டாயம், ஒவ்வொரு சுருதிப் பட்டையையும் தனித்தனியா ஏத்தி எறக்குறது. 100, 200, 400ன்னு ரெட்டிச்சு 6400 வரைக்கும் போற அந்த ஸ்லைடருங்கதான் நெசமான கீபோர்டு. 3200ஐயும் 6400ஐயும் முழுசா எறக்கிடுங்க, பாதி பிரச்சினை அங்கயே தீந்துடும். ஃபேசர் போட்டா கட்டம் மாறிக்கினே இருக்கறதால சுருதி வழுக்கி வழுக்கிப் போகும், காத்து வீசுற மாதிரி. வா பெடல் போட்டா கால் வெக்கிற எடத்துக்கு சுருதி வரும், தெருக்கூத்துல முகவீணை இழுப்பாங்களே, கிட்டத்தட்ட அந்த இழுப்பு வந்துச்சு, பாரதக் கூத்து பாத்து வளந்த ஊர்ல அந்த சத்தம் மனசுக்குள்ள போறத சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஆனா இந்த நாடகத்துக்கு அது வேணாம்னு அக்கா சொல்லிட்டாங்க, ஆள் வாசிக்கிற மாதிரி தெரியுதாம். எனக்கு மனசே இல்ல, எடுத்துட்டேன்.

மணலக் குடுத்தது எங்க அப்பாவோட பழைய எக்கோ போர்டு. மைக் செட்டுக்காரங்களுக்குத் தெரியும், பிடி2399 ஐசி போட்ட போர்டு, கோயில்ல அறிவிப்பு சொல்றப்ப குரல் அலைய வெப்பாங்களே, அதுதான். அந்த ஐசியோட டிலே சுமார் 31 மில்லி செகண்டுலேர்ந்து 340 வரைக்கும். ரொம்பக் கொறச்சு 31ல வெச்சு சுத்துக்குள்ள போட்டா, 32 ஹெர்ட்ஸுக்கு ஒண்ணுன்னு படிப்படியா சுருதிங்க வரிசையா நிக்கும், ஈக்யூ எதத் தூக்குதோ அந்தப் படில லூப் ஏறி நிக்கும். ஸ்லைடர மெதுவா நகத்துனா சுருதி வழுக்காது, படி தாண்டும். டிலேய முழுசா நீட்டுனா ஐசியோட இரைச்சல் ஏறும், அந்த இரைச்சல் டிஸ்டார்ஷன்ல நொறுங்கி, திரும்ப டிலேல போயி, திரும்ப நொறுங்கி, ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா பொடியாவுது. சர்ருனு ஆரம்பிச்சு, அப்புறம் சொர சொரன்னு, அப்புறம் ஒண்ணுமே இல்லாம ஒரு காஞ்ச மூச்சு. அக்கா கண்ண மூடிக் கேட்டாங்க. "இதான்"னாங்க.

ஒரு விஷயத்த மட்டும் சொல்லியே ஆகணும், கன்ட்ரோல லூப் பொறக்கற எடத்துக்கு மயிரிழை கீழ வெச்சு நிறுத்துறது. அங்க தானா சத்தம் வராது, ஆனா கிட்டார் கம்பிய லேசா தொட்டா கூட லூப் எழுந்து வந்து, அந்த ஸ்வரத்தப் புடிச்சுக்கினு ரொம்ப நேரம் ஊசலாடி அடங்கும். மயிரிழை மேல வெச்சா லூப் தன் சுருதியில பாடும், பக்கத்து ஸ்வரத்த வாசிச்சா ரெண்டும் மோதி அலை அலையா அடிச்சு, இன்னும் நெருங்கினா டக்குனு லூப் நம்ம ஸ்வரத்தோட ஒட்டிக்கும். 1665ல ஹைகன்ஸ்னு ஒரு டச்சு விஞ்ஞானி ஒரே கட்டைல தொங்குன ரெண்டு பெண்டுலம் கடிகாரம் தானா ஒரே தாளத்துல ஆடறதப் பாத்தாரே, அதே சங்கதி. இந்த மயிரிழை எடத்துல வாசிக்கிறதுக்கு பழகத்தான் மிச்சம் இருந்த மூணு வாரமும் போச்சு.

அன்னிக்கு ராத்திரி

நாடகம் காட்பாடிப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்துல. மதியமே போயி வயர் போட்டா ஒரே ஹம்மு, கரண்ட்லேர்ந்து வர்ற அந்த ம்ம்ம் இரைச்சல். ஆப்ல 50, 100, 150ன்னு வரிசையா நிக்குது. பிளக்கோட எர்த் கால் எங்கயும் போயி சேரல, செவுத்துக்குள்ள வயரே இல்ல. சாதாரண கச்சேரின்னா இந்த ஹம்ம சகிச்சுக்கலாம், லூப்புல சகிக்க முடியாது, சுத்து பொறக்கறதுக்கு முன்னாடியே ஹம் உள்ள பூந்து இடம் புடிச்சுடுது, வர்ற சத்தம் எல்லாம் டிரான்ஸ்ஃபார்மர் சத்தமா ஆயிடுது. அடாப்டர எல்லாம் புடுங்கிட்டு எல்லாத்துக்கும் 9 வோல்ட் பேட்டரி போட்டேன், எக்கோ போர்டுக்கு மட்டும் பவர் பேங்க்லேர்ந்து 5 வோல்ட். ஹம் முக்காவாசி போச்சு, மிச்சம் 100 பட்டைய எறக்குனதுல போச்சு, அடி முழக்கம் கொஞ்சம் பலி ஆச்சு. அது எனக்கு இன்னும் கொறதான்.

ஸ்பீக்கர் அப்பாவோடது, அப்பாவே வந்து கட்டுனாரு. டுவீட்டர் எரிஞ்ச கோவம் இன்னும் இருந்துச்சு, நாடகம் முழுக்க ஆம்ப்ளிஃபயர் பக்கத்துலயே, சுவிட்ச் மேல கைய வெச்சுக்கினு நின்னாரு. பதினெட்டாவது நிமிஷத்துல, மேடைல ஒரு பொண்ணு குடத்த மணல்ல கவுக்கறப்ப, காலிங் பெல் சுவிட்ச் அமுங்குன எடத்துல மாட்டிக்கிச்சு, ஸ்பிரிங் திரும்ப வரல. லூப்ப விட முடியல. கன்ட்ரோலாலதான் கொறச்சு எறக்கணும், பழைய பொட்டியா இருந்தா முடிஞ்சுது கத. ஒரு முப்பது செகண்டு எடுத்து எறக்குனேன், கூட்டம் அத அப்பிடித்தான் வெச்சிருக்குதுன்னு நெனச்சுக்கிச்சு, அக்கா அதுக்கப்பறம் ஒவ்வொரு தடவையும் அந்த எடத்த அப்பிடியே வெச்சுக்கோன்னுட்டாங்க. பெல் சுவிட்ச தூக்கிட்டு கால்ல மிதிக்கிற சுவிட்ச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லேர்ந்து வாங்கி மாத்திட்டேன்.

எல்லாரும் போனப்பறம் வயர் சுத்தறதுக்கு முன்னாடி அப்பா பொட்டிகிட்ட வந்து ஒக்காந்தாரு. "இத ஏத்தாம எறக்காம எவ்ளோ நேரம்டா நிறுத்தி வெக்க முடியும்?"னு கேட்டாரு. தெரியாதுப்பான்னேன். கன்ட்ரோல அவரே புடிச்சாரு, பொறக்கற எடத்துல வெச்சாரு, முப்பது வருஷம் கத்தலுக்கு ஒரு நூல் முன்னாடியே நிறுத்திப் பழகுன கை, நான் மூணு வாரம் பழகுனத முதல் தடவையே வெச்சாரு. அரை நிமிஷத்துக்கு ஒரு தடவ சுருதி நழுவப் பாக்கும், விரல லேசா அசைச்சு திரும்பக் கொண்டு வருவாரு. வாட்ச்மேன் வந்து லைட்ட அணைக்கிற வரைக்கும் அதுலயே ஒக்காந்திருந்தாரு.